முப்பத்தொன்றாம் எண் மாதிரி

நம் ஆய்வுக்கூடத்தின் தரைத்தளத்திலிருந்து மாடிக்குப் பதினேழு படிகள். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவரும் எண்ணியிருக்க மாட்டீர்கள். கீழே சீரம், மேலே மரபணு. கீழே ஒரு கண்ணாடிச் சில்லு, ஒரு சொட்டு, ஒரு நிமிடம். மேலே குளிர்சாதனம், ஸ்வெட்டர், இரண்டு நாள். மாடிப் பிரிவு தொடங்கி இரண்டு வருடத்தில் நான் அந்தப் படிகளில் ஏறியது மொத்தம் ஆறு தடவை. அதில் நான்கு தடவை பிறந்தநாள் கேக்குக்காக.

ஏழாவது தடவை ஏறியதைப் பற்றி எழுதச் சொல்லி என்னைப் படுத்தியவர் ஜின்சி. இன்று உங்கள் விடுப்புக் கடிதங்களில் கையெழுத்துப் போடுகிறாரே, அதே ஜின்சி. எழுதக் கூடாது என்பதற்கு மூன்று காரணங்கள் சொன்னேன். மூன்றுக்கும் சிரித்தார். சிரிப்பதற்கு அவருக்கு உரிமை உண்டு என்பது போகப்போகத் தெரியும்.

நான் ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. மட்டாஞ்சேரியில் ஒரு நிச்சயதார்த்த விருந்து. நூற்றெண்பது பேர் சாப்பிட்டார்கள், அதில் நானும் ஒருவன். சமையல் மைதீன் பாய். பள்ளுருத்தியில் வீடு, பாலக்காட்டிலிருந்து வந்த ராவுத்தர் குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், அடுப்புக்கு முன்னால் இரண்டும் கலந்து ஒரு கத்தல். ஊர் அவரை இக்கா என்று கூப்பிடும், நான் பாய் என்பேன். பதினோரு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் மதியம் எனக்கு ஒரு தூக்குப்பாத்திரத்தில் பிரியாணி வரும். கழுவி, திங்களன்று திருப்பி அனுப்புவேன். அந்தத் தூக்குப்பாத்திரத்தை மறந்துவிடாதீர்கள்.

விருந்தில் பொரித்த கோழியும் இருந்தது. பெண்ணின் தாய்மாமன், கல்ஃபிலிருந்து லீவில் வந்திருந்த கபீர், கோழிக்குத் தொட்டுக்கொள்ள மயோனைஸ் இல்லாவிட்டால் விருந்தே இல்லை என்று சொல்லி, பச்சை முட்டையை உடைத்து மிக்ஸியில் தானே அடித்து இரண்டு பெரிய கிண்ணங்களில் வைத்திருந்தார். வெள்ளையாகவும் வழவழப்பாகவும் இருக்கிற எதையும் நான் தொடுவதில்லை. இது அறிவு இல்லை, பயம். அன்று பயம் அறிவின் வேலையைச் செய்துவிட்டது.

மறுநாள் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தொடங்கின. பிரியாணிதான் காரணம் என்று முதலில் உரக்கச் சொன்னவர் கபீர். செவ்வாய்க்கிழமை சுகாதார ஆய்வாளர் ஐஸ் பெட்டியோடு வந்தார். நோயாளிகளின் மல மாதிரி இருபத்திரண்டு, மிச்ச உணவு நான்கு, மைதீன் பாயும் அவரது ஆட்கள் மூன்று பேருமாகச் சமையல்காரர்கள் நான்கு. மொத்தம் முப்பது. எண் போட்டு வரிசையாக அடுக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நான் நிறுத்தவில்லை. நோய் வந்தவர்களை மட்டும் பார்த்தால் ஆய்வு எப்படி முழுமையாகும், சாப்பிட்டும் நோய் வராத ஒருவரின் மாதிரியும் வேண்டாமா என்று தோன்றியது. அப்படி ஒருவரை எங்கே தேடுவது? தேடவே வேண்டாம், இதோ வெள்ளைக் கோட்டில் நிற்கிறான். முப்பத்தொன்று என்று எண் போட்டேன். பெயர் எழுதும் கட்டத்தில் 'ஆரோக்கியமான ஒப்பீடு' என்று எழுதினேன். முப்பத்து நான்கு வருடப் பணியில் இவ்வளவு மமதையான இரண்டு சொற்களை நான் வேறெங்கும் எழுதியதில்லை.

வியாழக்கிழமை காலை, மாதிரிகளிலிருந்து கிருமி வளர வைத்திருந்த தட்டுகளைத் திறந்தேன். நோயாளிகளில் பத்தொன்பது பேரின் தட்டில் நடுவில் கறுப்புப் பொட்டு வைத்த கிருமிக் கூட்டங்கள், சால்மோனெல்லாவுக்கே உரிய பொட்டு. உணவில் பிரியாணி சுத்தம், தயிர்ப் பச்சடி சுத்தம், ஊறுகாய் சுத்தம், மயோனைஸில் பொட்டு. மைதீன் பாயின் ஆட்கள் மூவரும் சுத்தம், மைதீன் பாய் பொட்டு. கடைசியாக முப்பத்தொன்றாம் தட்டை எடுத்தேன். மூடியை மூடிவிட்டு மறுபடி திறந்தேன். பொட்டு வரிசை வரிசையாக, கல்யாண வீட்டுப் பெண்கள் மாதிரி, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று பதினான்கு தடவை கை கழுவினேன். வீட்டில் எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர், தனி சோப்பு, தனித் துண்டு எடுத்து வைத்தேன். மனைவி நான்கையும் பார்த்தாள். "என்ன, சாமியாராப் போறீங்களா?" என்று கேட்டாள். வேலை அதிகம் என்றேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க சீரம், எந்த வகைக் கிருமி என்று பார்ப்பது. எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர் ஒரே ஒரு விஷயத்தில்தான் கண்டிப்பு: கிருமியும் சீரமும் கலந்த சொட்டோடு சில்லைச் சாய்த்துச் சாய்த்து அறுபது எண்ண வேண்டும், அதற்குள் மணல் மணலாகத் திரண்டால் சரி, அறுபத்தொன்றில் திரண்டால் அது காய்கிற சொட்டு செய்யும் வேலை. நான் எண்ணத் தொடங்கியது அங்கேதான், பிறகு நிறுத்தவே முடியவில்லை. பக்கத்தில் வெறும் உப்புநீர்ச் சொட்டு ஒன்று வைப்போம், எதற்கெடுத்தாலும் திரள்கிற கிருமியை அது காட்டிக்கொடுக்கும். எல்லாம் முறைப்படி செய்தேன். என் கிருமிக்கு மட்டும் உப்புநீரை மூன்று தடவை வைத்தேன், மாட்டிக்கொள்ளட்டும் என்ற ஆசையில். அது அசையவில்லை. பத்தொன்பது நோயாளிகள், மயோனைஸ், மைதீன் பாய், நான். இருபத்திரண்டும் ஒரே சீரத்துக்கு ஒரே மாதிரி திரண்டன. அன்று மதியம் தூக்குப்பாத்திரம் வரவில்லை. பதினோரு வருடத்தில் முதல் வெள்ளி.

சனிக்கிழமை சுகாதார அதிகாரி தொலைபேசியில் கேட்டார். எழுத்தில் புதன்கிழமை வந்தால் போதும், சமையல்காரருடையதும் நோயாளிகளுடையதும் பொருந்துகிறதா என்று மட்டும் இப்போது சொல்லுங்கள் என்றார்.

"பொருந்துது மேடம். எல்லாம் ஒண்ணுதான்" என்றேன்.

இதுதான் நான் செய்த பிழை. இதை அவசரம் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். சீரம் எனக்குச் சொன்னது, எல்லாம் ஒரே வகை என்பது மட்டும். எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்று அது சொல்லவில்லை, அதைச் சேர்த்தவன் நான். ஏன் சேர்த்தேன்? மைதீன் பாயின் கை எல்லோருக்கும் கொடுத்தது என்றால் முப்பத்தொன்றாம் எண்ணும் பாதிக்கப்பட்டவர்களில் ஒருவன், அவ்வளவுதான். என் பயத்துக்கு அந்தக் கதை வசதியாக இருந்தது. முடிவு நமக்கு வசதியாக இருக்கும்போது, பிள்ளைகளே, இன்னொரு அறுபது எண்ணுங்கள்.

நான் சொன்னது மதியம். மாலைக்குள் தெரு முழுக்கப் பரவி, ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ஆலுவாவுக்குப் போய்விட்டது. ஆலுவாவில்தான் மைதீன் பாய்க்குச் சம்பந்தி வீடு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஒரே மகளுக்கு நிக்காஹ். அறுநூறு பேருக்கான விருந்தை வேறு யார் கையிலும் தரமாட்டேன் என்று அவள் பிறந்த நாளிலிருந்து சொல்லிவந்தவர்.

ஞாயிறு காலை மாதிரிகளைப் பார்க்க வந்தேன். மைதீன் பாய் வாசலில் நின்றிருந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார், தொட்டால் ஏதாவது ஒட்டிவிடும் என்பது போல.

"சாரே, நாப்பது வருஷமா பெரிய செம்புல பிரியாணி கிண்டி எளக்குறேன். ஒருத்தருக்கு வயித்துவலி வந்திருக்கா?"

வரவில்லை என்றேன்.

"பின்னே ரிப்போர்ட்டு என்ன பறயுது?"

எல்லாம் ஒரே வகை என்றேன்.

"கபீர் அந்த வெள்ளைச் சாதனத்தை அடிக்கும்போது நான் அந்தப் பக்கமே போகல. பூண்டு கேட்டான், உரிச்சுக் குடுத்தேன். அதுக்கா?"

'பூண்டு உரித்தார்' என்று நான் மனதில் குறித்துக்கொண்டேன். பார்த்தீர்களா, எவ்வளவு கெட்டவன் நான்.

சம்பந்தி வீட்டார் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"நல்ல ஆளுங்க சாரே. கல்யாணம் வேண்டாம்னு பறயல. சமையலுக்கு மட்டும் வேற ஆளை வெச்சுக்கலாமேன்னாங்க. அதுக்குக் கல்யாணம் வேண்டாம்னே பறஞ்சிருக்கலாம்."

திங்கட்கிழமை ஜின்சி பதினேழு படிகள் இறங்கி வந்தார். இருபத்திரண்டு கிருமிகளையும் தாருங்கள், இரண்டு நாளில் சொல்கிறேன் என்றார். என் கண்ணால் பார்த்துவிட்டேன், எல்லாம் ஒன்று என்றேன். அவர் சொன்ன பதிலை இன்றுவரை நான் மறக்கவில்லை. மலையாளத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்: "சார் பார்த்தது சட்டையை. கல்யாண வீட்டில் எல்லாருக்கும் வெள்ளைச் சட்டைதான். செருப்பைத் திருடினவன் யாருன்னு சட்டையை வெச்சுச் சொல்ல முடியுமா?"

கோபம் வந்தது. ஆனால் அவர் பேச்சில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. சீரம் பார்ப்பது கிருமியின் மேல்தோலைத்தான். அந்த மேல்தோலைப் போட்டுக்கொண்டு ஊரில் எத்தனையோ கிருமிகள் திரியும். மரபணுவைத் துண்டுகளாக்கி ஜெல்லில் ஓடவிட்டால், கோடு கோடாக ஒவ்வொன்றின் கைரேகையும் தெரியும். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் படியேறாமல் இருந்தேன்.

குழாய்களை எடுத்து வைத்தபோது முப்பத்தொன்று கைக்கு வந்தது. முப்பத்தொன்றை மட்டும் என் பைக்குள் போட்டுவிட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் பட்டியலில் இருபத்திரண்டு என்று என் கையெழுத்தில் இருந்தது. இருபத்தொன்றைக் கொடுத்து இருபத்திரண்டு என்று சொல்ல என்னால் முடியாது. ஒழுக்கத்தால் என்று நினைக்காதீர்கள். எண்ணிக்கை குறைந்தால் எனக்குத் தூக்கம் வராது. கொடுத்துவிட்டேன்.

புதன்கிழமை காலை மேலே வரச் சொல்லி அழைப்பு வந்தது. ஏழாவது தடவை ஏறினேன். அன்று மட்டும் படிகளை எண்ணவில்லை.

ஜின்சி திரையில் ஜெல்லின் படத்தை வைத்திருந்தார். இருபத்திரண்டு பத்திகள், ஒவ்வொன்றிலும் ஏணி மாதிரி கோடுகள். நான் மூன்று தடவை எண்ணினேன். இருபது பத்திகள் அச்சில் வார்த்த மாதிரி ஒன்று: பத்தொன்பது நோயாளிகளும் கபீரின் மயோனைஸும். மைதீன் பாயின் பத்தி வேறு. மூன்றாவது கோடு அதில் இல்லை, அடியில் இரண்டு கோடுகள் கூடுதல். அவர் கிருமி வேறு ஆள். விருந்தைக் கெடுத்தது அது இல்லை.

எனக்குத் தலை லேசாகச் சுற்றியது, நல்ல விதமாக. அந்த நிமிடத்தில் ஜின்சி கடைசிப் பத்தியில் விரலை வைத்தார். மைதீன் பாயின் பத்திக்கு இரட்டைப் பிறவி. கோட்டுக்குக் கோடு.

"சார், இந்த முப்பத்தொண்ணு யாரு?"

"ஆரோக்கியமான ஒப்பீடு" என்றேன்.

"அது யாருன்னுதான் கேட்டேன்."

தண்ணீர் வேண்டும் என்றேன். தண்ணீர் வருவதற்குள் அவர் சுகாதார அதிகாரியை அழைத்து, தொலைபேசியை மேசையில் உரக்கப் பேசும்படி வைத்துவிட்டார். விவரத்தைச் சொன்னார். அதிகாரி சுலபமாக நம்பவில்லை. சனிக்கிழமை எல்லாம் ஒன்று என்றீர்கள், இன்று ஒன்று மட்டும் வேறு என்கிறீர்கள், அந்த ஒன்றில் குழாய் மாறியிருக்கலாம், ஒற்றைப் பத்தியை நம்பி ஒருவரை விடுவிக்க மாட்டேன், அவரிடம் மறுபடி மாதிரி எடுத்து முதலிலிருந்து தொடங்குங்கள் என்றார். முதலிலிருந்து என்றால் எட்டு நாள். நிக்காஹ் நான்கு நாளில்.

ஜின்சி விடவில்லை. ஒற்றைப் பத்தி இல்லை மேடம், இன்னொரு ஆளிடமும் அதே கோடுகள் வந்திருக்கின்றன, இரண்டு ஆள், இரண்டு குழாய், ஆகவே குழாய் மாறவில்லை என்றார்.

அதிகாரி கேட்டார்: "அந்த ஆள் யாரு? சமையல்காரருக்கும் அவருக்கும் என்ன தொடர்பு? மயோனைஸ் சாப்பிட்டாரா?"

கேள்விகள் மூன்று. பதில் தெரிந்தவன் அந்த அறையில் ஒருவன். முப்பத்து நான்கு வருடம் அடுத்தவர் மலத்தைப் பற்றித் தயங்காமல் எழுதிக் கையெழுத்திட்டவனுக்கு, தன்னுடையதைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. வாசலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற மைதீன் பாயை நினைத்தேன்.

"மேடம், முப்பத்தொண்ணு நான்தான்."

ஒன்பது வரை எண்ணிவிட்டு மீதியையும் சொன்னேன்.

"பதினோரு வருஷமா வெள்ளிக்கிழமை அவர் சமைச்சதைச் சாப்பிடுறேன். விருந்திலும் சாப்பிட்டேன். மயோனைஸ் தொடல. எனக்கு ஒண்ணும் ஆகல."

ஜின்சி குளிர்பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. தொலைபேசியில் ஒரு செருமல். பிறகு அதிகாரி மிகக் கவனமான குரலில் சொன்னார்: "நல்லது சார். அந்தப் பெயரோட ரிப்போர்ட் அனுப்புங்க. சமையல்காரரை நான் விடுவிக்கிறேன். ஆனா அவர் வயித்துல கிருமி இருக்குதானே, தொடர்ந்து மூணு தடவை சுத்தமா வர்ற வரைக்கும் சமையல்ல கை வைக்கக் கூடாது." வைப்பதற்கு முன் சேர்த்தார்: "நீங்களும்தான்."

தொலைபேசியை வைத்ததும் நான் சிரிக்கத் தொடங்கினேன். வியாழக்கிழமையிலிருந்து சேர்ந்திருந்த பயம் முழுக்க ஒரே மூச்சில் வெளியே வந்தது. ஸ்வெட்டர் போட்ட நான்கு பேரும் எட்டிப்பார்த்தார்கள். ஜின்சி தண்ணீரை நீட்டினார், குடிக்க முடியவில்லை, புரையேறியது. அறிக்கையை நானே எழுதினேன். இருபத்திரண்டு வரிகள். 'ஆரோக்கியமான ஒப்பீடு' என்பதை அடித்துவிட்டு என் முழுப் பெயரை எழுதினேன். அடித்தது தெரியும்படியே விட்டேன்.

மாலையில் ஆட்டோ பிடித்துப் பள்ளுருத்தி. மைதீன் பாயை உட்காரவைத்து முதல் பாதியைச் சொன்னேன். பச்சை முட்டையிலிருந்து வந்தது, உங்களிடமிருந்து வரவில்லை, எழுத்தில் போய்விட்டது என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் பாதியைச் சொன்னேன். கண் திறந்தது.

"அப்ப என் மக கல்யாணத்துக்கு நான் செம்பைத் தொடக் கூடாதா?"

கூடாது என்றேன். என்னையும் பரிமாறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள் என்று சேர்த்துக்கொண்டேன், அது ஆறுதல் ஆகும் என்பது போல. பிறகு முப்பத்தொன்றாம் எண்ணின் கதையையும் சொன்னேன். அதற்கு அவர் திருப்பி ஒன்று கேட்டார்.

"சாரே, அது எங்கிட்டேருந்து உங்களுக்கு வந்ததா, உங்ககிட்டேருந்து எனக்கு வந்ததா?"

கோடுகள் உறவைச் சொல்லும், திசையைச் சொல்லாது என்றேன்.

"அந்தத் தூக்கைக் கழுவித் திருப்பி அனுப்புறது யாரு?"

நான் கூரையைப் பார்த்தேன். உள்ளேயிருந்து அவர் மனைவி ரஹ்மத் பீவியின் குரல் வந்தது: "விடுங்க. இப்ப ரெண்டு பேரும் ஒரே தறவாடு, ஒரே குடும்பம்."

யார் சமைப்பது என்ற பேச்சு வந்தது. மைதீன் பாய் ஐந்து பேரின் பெயரைச் சொல்லி ஐந்து பேரையும் தானே தள்ளினார். ஒருவனுக்கு அரிசி தெரியாது, ஒருவனுக்கு நெருப்பு தெரியாது. ரஹ்மத் பீவி வாசற்படிக்கு வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "நான் வெக்கிறேன்."

"அறுநூறு பேருக்கா?"

"முப்பது வருஷமா நீங்க அடுப்படியில கத்துறது எனக்கும் கேட்டுச்சு. காது சுத்தமாத்தானே இருக்கு, அதுக்கும் டெஸ்டு வேணுமா?"

ரஹ்மத் பீவியின் மாதிரியையும் பாயின் மூன்று ஆட்களின் மாதிரியையும் அன்றே வாங்கிப் போனேன். சனிக்கிழமை நான்கும் சுத்தம். அறிக்கையைப் படித்த சம்பந்தி வீட்டார், சமையல் அந்த வீட்டுக் கையிலேயே இருக்கட்டும் என்று சொல்லியனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பெரிய செம்புகள் அடுப்பில் ஏறின. ஜின்சி அடுப்பிலிருந்து பத்து அடி அளந்து, சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டார். ஒன்றில் மைதீன் பாய், ஒன்றில் நான். பெண்ணின் தகப்பனாரான பாய் ஒரு மூங்கில் கழியைக் கையில் வைத்துக்கொண்டு, தீயைக் குறை, மூடியைத் திற, எலுமிச்சம்பழம் எங்கே என்று கத்தினார். நாற்பத்து மூன்று கட்டளைகள் வரை எண்ணினேன். ரஹ்மத் பீவி ஒன்றுக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. கபீர் வந்தார். இரண்டு சாயா கொண்டுவந்து, இரண்டு கையாலும் நீட்டினார், முதலில் மைதீன் பாய்க்கு. பாய் வாங்கிக்கொண்டு, "முட்டை போடலையே?" என்றார். கபீர் தலையைக் குனிந்து சிரித்தார்.

ஆலுவாக்காரர்கள் இரண்டு பஸ்ஸில் வந்தார்கள். முதல் பந்தி முடிந்து எழுந்த மாப்பிள்ளையின் பெரியப்பா நேராக எங்கள் நாற்காலிக்கு வந்து, இந்தக் கையைப் பற்றித்தான் நாங்கள் சந்தேகப்பட்டோமா என்று மைதீன் பாயின் கையைப் பிடித்தார். பாய் கையை விடுவித்துக்கொண்டு கழியை நீட்டினார். "கை அங்க இருக்கு" என்றார். அவர் சொன்ன திசையில் ரஹ்மத் பீவி, முகமெல்லாம் வேர்வையாக, இரண்டாவது செம்பைத் திறந்துகொண்டிருந்தார்.

பிறகு எங்களுக்கும் தட்டு வந்தது. மைதீன் பாய் தன் பிரியாணியை ஒரு கைப்பிடிக்கு மேல் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை, ருசி பார்ப்பதோடு சரி. அன்று ஒரு தட்டு முழுக்க முடித்தார். இரண்டாவது கேட்டார். அதையும் முடித்தார். அடுப்புப் பக்கம் பார்த்தார், ரஹ்மத் பீவி பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டார், தட்டை மறுபடி நீட்டினார். அதற்குள் என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டார்.

"சாரே," என்றார், வாய் நிறையச் சோறோடு, "இதை மட்டும் எண்ணாதீங்க."